இரண்டாம் வகுப்பு ட்ராம்

கல்கத்தாவில் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் என் சம்பளத்தில் பாதி ஊருக்கு மணியார்டராகப் போய்விடும். அறை வாடகை, மெஸ் கணக்கு, சலவை என்று கழித்தபின் கையில் நிற்பது சொற்பம். அந்தச் சொற்பத்தில் ட்ராமில் ஊர் சுற்றலாம். காபி ஹவுஸில் நாற்காலி பிடித்து மணிக்கணக்காக உட்காரலாம். பழைய புத்தகம் வாங்கலாம், மைதானத்தில் கால்பந்து பார்க்கலாம், லாஞ்ச் ஏறி ஹூக்ளியைக் கடக்கலாம். இத்தனையும் செய்துவிட்டு, நாம் குறைந்த வருமானக்காரன் என்ற நினைப்பே வராமல் படுக்கப் போகலாம். எண்பதுகளின் கல்கத்தாவைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

மாற்றல் உத்தரவு வந்தபோது ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருவே துக்கம் விசாரித்தது. தினமும் மறியல், ராத்திரியில் கரண்ட் கிடையாது, எல்லாவற்றிலும் கடுகெண்ணெய் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அப்பா மட்டும் கலங்கவில்லை. த.நா. குமாரஸ்வாமியும் மற்றவர்களும் தமிழாக்கிய வங்க நாவல்களில் ஊறியவர் அவர். கல்கத்தாவின் தெருப் பெயர்கள் அவருக்கு மதுரைத் தெருக்களைவிட நன்றாகத் தெரியும். "நான் பார்க்காத ஊரை நீ பார்க்கப் போகிறாய், போய் வா" என்று கோரமண்டல் எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டார்.

ஹௌரா ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் பாலம். 1943-இல் திறந்தது. 26,500 டன் எஃகில் பெரும்பகுதி டாடாவின் ஆலையில் உருவானது. ஆற்றுக்குள் ஒரு தூண் இல்லாமல், நட்டு போல்ட்டு இல்லாமல், முழுக்க ரிவெட் அடித்துக் கட்டியிருக்கிறார்கள். இந்த விவரமெல்லாம் பிறகு தெரிந்தது. அன்றைக்குக் கண்ணில் பட்டது தலைகள்தான். சுமை தூக்கிய தலைகள், குடை பிடித்த தலைகள், கோழிக்கூடை சுமந்த தலைகள்.

தங்குமிடம் லேக் மார்க்கெட். தெற்கிலிருந்து போகிறவர்களுக்கு அப்போதெல்லாம் வேறு முகவரி தோன்றாது. வெள்ளைக்காரக் கம்பெனிகளில் கணக்கெழுதவும் சுருக்கெழுத்து எடுக்கவும் போன தலைமுறைகள் அங்கே வேரூன்றியிருந்தன. காலையில் முருங்கைக்காயும் வாழை இலையும் தொடுத்த மல்லிகையும் கிடைக்கும். காபிக்கொட்டை வறுபடும் வாசனை ராஷ்பிகாரி அவென்யூ வரை வரும். எங்கள் மெஸ்ஸை நடத்தியவர் ஒரு பாலக்காட்டு மாமா. முதல் நாள் சாதம் போட்டுக்கொண்டே சொன்னார்: "ஒரு வாரம் பஸ்ஸிலே ஏறாதே, கேட்டியா? ட்ராமிலே போ. ஊர் தன்னாலே பிடிபடும்."

அப்படியே செய்தேன். கல்கத்தா ட்ராமுக்கு இரண்டு பெட்டி. முன்பெட்டி முதல் வகுப்பு, மின்விசிறி சுழலும். பின்பெட்டி இரண்டாம் வகுப்பு, விசிறி கிடையாது, கட்டணம் சற்றுக் குறைவு. வித்தியாசம் அவ்வளவுதான், இரண்டும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும். பின்பெட்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் விசிறி எதற்கு? ராஷ்பிகாரி அவென்யூவில் தண்டவாளம் சாலை நடுவே தனித்தடத்தில் ஓடும், இருபுறமும் மரங்கள். ஏறுகிற கிழவருக்காகவும், மீன்கூடையை ஏற்றி வைத்துவிட்டுத் தான் ஏறுகிற பெண்ணுக்காகவும் ட்ராம் நிற்கும், யாரும் முணுமுணுக்க மாட்டார்கள். கண்டக்டர் வங்காளியில் ஏதோ கேட்பார். நான் விழிப்பதைப் பார்த்துப் பக்கத்திலிருப்பவர் பதில் சொல்லி, அங்கிருந்து என் ஊர், வேலை, தமிழில் தாகூர் வந்திருக்கிறாரா என்று பேச்சு நீளும். என் வங்காளியில் முக்கால்வாசி அந்தப் பெட்டியில் கற்றதுதான்.

அந்தக் குறைந்த கட்டணத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1873-இல் சியால்தாவிலிருந்து ஆற்றங்கரையின் ஆர்மீனியன் காட் வரை குதிரைகள் இழுத்த ட்ராம், கூட்டம் போதாமல் அந்த வருஷமே நின்றது. 1880-இல் லண்டனில் பதிவான ஒரு கம்பெனி திரும்பத் தொடங்கியது. 1902-இல் மின்சாரம் வந்தது. நாடு விடுதலையான பிறகும் கம்பெனி வெள்ளைக்காரர்களிடமே இருந்தது. 1953-இல் இரண்டாம் வகுப்புக் கட்டணத்தை அவர்கள் ஒரு பைசா ஏற்ற, நகரம் கொதித்தெழுந்தது. ஜூலை மாதம் முழுக்க மறியலும் தடியடியும் கைதுமாகப் போய், கடைசியில் உயர்வைக் கைவிட்டார்கள். என் அலுவலகத்தில் மூத்த குமாஸ்தா ஒருவர் மாணவராக அந்தப் போராட்டத்தில் இருந்தவர். அவரை எல்லோரும் 'தாதா', அதாவது அண்ணா, என்றுதான் கூப்பிடுவோம். "ஒரு பைசா எனக்குப் பெரிய காசில்லை. பின்பெட்டிக்காரனைக் கேட்காமல் ஏற்றினார்கள் பார், அதுதான் பொறுக்கவில்லை" என்பார். முதல் வகுப்பில் போக வசதியிருந்தும் கடைசிவரை பின்பெட்டியில்தான் போனார்.

நான் இறங்கும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி தேசப்ரிய பார்க். அந்தப் பக்கத்தில்தான் 1954 அக்டோபரில் கவிஞர் ஜீவனானந்த தாஸ் ட்ராமில் அடிபட்டு, சில நாளில் ஆஸ்பத்திரியில் இறந்தார். அதைச் சொல்லித் தந்தவர் வெற்றிலைபாக்குக் கடைக்காரர். கவிஞர் விழுந்த இடத்தைக் காட்டுகிற கடைக்காரரை வேறெந்த ஊரிலும் நான் சந்தித்ததில்லை.

ட்ராம் என்றால் ராமனையும் விட முடியாது. 1907-இல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா வந்த சி.வி. ராமன், பௌபஜார் வழியாக ட்ராமில் போகும்போதுதான் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் பெயர்ப்பலகையைக் கண்டார் என்று சொல்வார்கள். மகேந்திரலால் சர்க்கார் என்ற டாக்டர் 1876-இல் நன்கொடை திரட்டித் தொடங்கிய கழகம் அது. ஆபீசுக்கு முன்னும் பின்னும் ராமன் அங்கே போய் வேலை செய்தார். 1928 பிப்ரவரி 28 அன்று அவர் பெயர்தாங்கிய விளைவு அந்தக் கட்டடத்தில்தான் பிடிபட்டது. கூடவே உழைத்த கே.எஸ். கிருஷ்ணன் எங்கள் ஊருக்குப் பக்கத்து வத்திராயிருப்புக்காரர். கழகம் பின்னாளில் யாதவ்பூருக்குப் போய்விட்டது. நான் போனபோது பழைய முகவரியில் வணிகவியல் கல்லூரி நடந்துகொண்டிருந்தது. வாசலில் நின்று, வத்திராயிருப்பிலிருந்து ஒரு பையன் இங்கே வந்து நின்றிருக்கிறானே என்று நினைத்ததில் எனக்கு ஏற்பட்ட தெம்பு சாதாரணமானதல்ல.

ஞாயிற்றுக்கிழமைகளில் கிதிர்பூர் ட்ராம். அது மைதானத்துப் புல்லின் ஊடே போகும். நகரத்தின் நட்டநடுவில் இவ்வளவு வெறும் வெளி எப்படித் தப்பியது? பிளாசிப் போருக்குப் பின் கிழக்கிந்தியக் கம்பெனி புது வில்லியம் கோட்டையைக் கட்டியபோது, பீரங்கி சுடுவதற்குப் பார்வை மறைக்கக்கூடாதென்று கோவிந்தபூர் என்ற கிராமத்தையே காலிசெய்து, காட்டையும் வெட்டித் தள்ளினார்கள். சுதானுதி, கோவிந்தபூர், கலிகாதா ஆகிய மூன்று ஊர்கள் சேர்ந்ததுதானே கல்கத்தா. அதில் ஓர் ஊர் வெட்டவெளியானது. நிலம் இன்றும் ராணுவத்தின் வசம் என்பதால் அடுக்குமாடிக்காரர்கள் கை வைக்க முடியவில்லை. பீரங்கிக்காக ஒதுக்கிய இடத்தில் ஆடு மேய்கிறது, பையன்கள் பந்தாடுகிறார்கள். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்ற இரண்டு கால்பந்துக் குழுக்களுக்கும் மைதானம் அங்கேதான். 1911-இல் மோகன் பகான் வீரர்கள், ஒருவரைத் தவிர எல்லோரும் வெறுங்காலோடு ஆடி, கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை வென்று கேடயம் வாங்கிய கதையை வயதானவர்கள் நேற்று நடந்ததுபோலச் சொல்வார்கள். மோகன் பகான் வென்ற அன்று சந்தையில் இறால் விலை ஏறும், ஈஸ்ட் பெங்கால் வென்றால் இலிஷ் மீன் விலை ஏறும். மீன் சாப்பிடாத மெஸ் மாமாவுக்குக்கூட மீன் விலை அத்துப்படி.

காலேஜ் ஸ்ட்ரீட்டுக்கு என்னை முதலில் அழைத்துப் போனவர் தாதாதான். ஒருபக்கம் 1817-இல் இந்துக் கல்லூரியாகத் தொடங்கிய பிரெசிடென்சி, பல்கலைக்கழகம், எதிர்ச்சாரியில் சம்ஸ்கிருதக் கல்லூரி. இவற்றின் மதிலோரமாகத் தகரமும் மரமும் சேர்த்தடித்த புத்தகக் கடைகள், ஒன்றோடொன்று தோள் இடித்து நிற்கும். கடைக்காரர் உள்ளே சம்மணமிட்டிருப்பார், சுற்றிலும் கூரைவரை புத்தகம். பெயரைச் சொன்னால் போதும், முதுகுப்புறம் கை நீட்டி உருவிக் கொடுப்பார். தன்னிடம் இல்லையென்றால் ஒரு பையனை ஓடவிட்டு நாலாவது கடையிலிருந்து வரவழைப்பார். பணம் குறைந்தால் "எடுத்துப் போங்கள், அடுத்த சனிக்கிழமை கொடுங்கள்" என்பார்கள். முகவரி கேட்டதில்லை. படிக்கிறவன் திரும்ப வராமல் எங்கே போவான் என்பது அவர்கள் கணக்கு.

அங்கிருந்து சந்தில் திரும்பினால் காபி ஹவுஸ். 1876-இல் கட்டிய ஆல்பர்ட் ஹாலில் 1942 முதல் காபி விற்கிறார்கள். காபி போர்டு கைவிட்டபின் தொழிலாளர்களே கூட்டுறவாக எடுத்து நடத்துகிறார்கள். தலைப்பாகை கட்டிய பரிசாரகர்கள், உயரக் கூரையிலிருந்து நீளக் கம்பியில் தொங்கும் விசிறிகள், சுவரில் தாகூர். பாலில்லாத காபிக்கு இன்ஃப்யூஷன் என்று பெயர். கும்பகோணம் டிகிரி காபி குடித்த நாக்குக்கு அது காபியே அல்ல. ஆனால் ஒரு இன்ஃப்யூஷனை வாங்கி வைத்துக்கொண்டு நாலு பேர் சாயங்காலம் முழுக்க உட்காரலாம். எழுந்திருங்கள் என்று ஒருவரும் சொன்னதில்லை. பில்லைக் கொண்டுவந்து மேஜையில் வைத்து நாசூக்காகத் துரத்தியதில்லை. ஒரு மேஜையில் ட்ராட்ஸ்கி, பக்கத்து மேஜையில் கோல்கீப்பர், அதற்கடுத்ததில் அச்சகத்துக்குக் கொடுக்கப் பணமில்லாத சிறுபத்திரிகை. அந்தச் சத்தத்தில் ஆரம்பத்தில் தலை வலிக்கும். பழகியபின் சத்தமில்லாத இடத்தில் யோசனையே ஓடவில்லை எனக்கு.

அப்படி ஒரு மேஜையில் ஒரு கல்லூரி ஆசிரியர், "உங்கள் மொழியில் இப்போது யார் நல்ல கவிதை எழுதுகிறார்கள்?" என்று கேட்டார். மரியாதைக்குக் கேட்டதல்ல. நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். எனக்குத் தெரிந்த பெயர்களைச் சொன்னேன், தெரிந்த வரிகளை உடைந்த வங்காளியில் சொன்னேன். அவர்கள் சிறுபத்திரிகையின் அடுத்த இதழில் நான்கு தமிழ்க் கவிதைகள் வந்தன. சிறுபத்திரிகைகளுக்கென்றே சந்தீப் தத்தா என்ற ஆசிரியர் 1978-இல் தன் வீட்டுக் கீழ்த்தளத்தில் நூலகம் தொடங்கியிருந்தார், பக்கத்து டேமர் லேனில். பெரிய நூலகங்கள் ஒதுக்குவதை இவர் சேர்த்து வைத்தார். அரசாங்கமோ முதலாளியோ சொல்லிச் செய்ததல்ல. இப்படி ஒரு தனி ஆள் ஒரு காரியத்தை ஆயுள் முழுக்கச் செய்வதற்கு அந்த ஊரில் மரியாதை இருந்தது.

புத்தகம் வாங்கவே வழியில்லாத மாதங்களில் அலிபூர். பெல்வெடியர் மாளிகையில், ஒருகாலத்தில் வங்காளத்தின் லெப்டினன்ட் கவர்னர்கள் குடியிருந்த இடத்தில், 1953 முதல் தேசிய நூலகம். நடன மண்டபமாக இருந்த கூடத்தில் வாசிப்பு மேஜைகள் போட்டிருந்தார்கள். அங்கே எஸ். வையாபுரிப் பிள்ளையின் சேகரிப்பு இருக்கிறது என்று தெரிந்த நாள் எனக்கு மறக்காது. தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியர், திருநெல்வேலிச் சீமைக்காரர், அவர் புரட்டிய புத்தகங்கள் வங்காளத்தில்! சீட்டு எழுதிக் கொடுத்துக் காத்திருந்தால் ஊழியர் கொண்டுவந்து மேஜையில் வைப்பார். சொந்த ஊரில் எனக்குக் கிடைக்காத பழந்தமிழ்ப் பதிப்புகளை, லெப்டினன்ட் கவர்னர்களின் மாளிகையாக இருந்த கட்டடத்தில், ஒரு காசு செலவில்லாமல் படித்தேன்.

இதெல்லாம் ஊரின் ஒரு முகம். மறுமுகத்தை மறைத்தால் நான் எழுதுவதற்கு அர்த்தமில்லை. லோட் ஷெட்டிங் என்ற சொல் சின்னக் குழந்தைக்கும் தெரியும். மாலையில் விளக்கு போனால் தெருவே "ஹோ" என்று ஒரே குரலில் கத்தும், திரும்ப வந்தால் அதைவிடப் பலமாகக் கத்தும். ஹூக்ளிக் கரையின் சணல் ஆலைகள் ஒவ்வொன்றாக வாசல் மூடின. பிரிவினையில் ஆலைகள் இந்தப் பக்கமும் சணல் வயல்கள் பெரும்பாலும் கிழக்குப் பாகிஸ்தானிலும் போய்விட்டன. லட்சக்கணக்கான அகதிகள் வந்தார்கள், அவர்களில் பலர் சியால்தா பிளாட்பாரத்திலேயே குடும்பம் நடத்தினார்கள். ஐம்பதுகளில் மத்திய அரசு கொண்டுவந்த சரக்குக் கட்டணச் சமன்பாடு, நிலக்கரியும் எஃகும் நாடு முழுக்க ஒரே விலை என்று ஆக்கியதில், சுரங்கத்துக்குப் பக்கத்தில் இருந்ததால் வங்கத்துக்குக் கிடைத்த அனுகூலம் போயிற்று. ஆற்றில் வண்டல் ஏறித் துறைமுகம் மெலிந்தது. அதைக் கழுவித் தள்ளத்தான் 1975-இல் ஃபராக்காவில் அணை திறந்தார்கள். இத்தனை காரணங்களையும் விட்டுவிட்டு, வங்காளி சோம்பேறி, எப்போதும் கொடி பிடிப்பவன் என்று சொல்வது தெற்கிலும் மேற்கிலும் சுலபமாக இருந்தது. 1985-இல் ராஜீவ் காந்தி கல்கத்தாவைச் சாகும் நகரம் என்றபோது ஆபீசில் அன்று வேலையே ஓடவில்லை. தாதா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "செத்தவர்களைப் பார்த்தவர்கள் நாங்கள். சாவு எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும்" என்றார். 1943 பஞ்சத்தில் தெருவில் விழுந்து கிடந்தவர்களைச் சிறுவயதில் பார்த்தவர்.

எனக்குப் பதில் கிடைக்காத விஷயம் ஒன்றுண்டு. கை ரிக்‌ஷா. மழை பெய்தால் ஊர் முழங்கால் தண்ணீரில் நிற்கும், வேறெதுவும் ஓடாத தெருவில் பீகாரிலிருந்து வந்த ஒரு மெலிந்த மனிதர் இன்னொரு மனிதரை வைத்து இழுத்துப் போவார். நான் ஏறமாட்டேன் என்று நின்றபோது, நான் குடியிருந்த வீட்டு அம்மாள், எங்களுக்கு 'மாஷிமா', அதாவது சித்தி, கோபித்துக்கொண்டார்: "நீ புண்ணியம் தேடிக்கொள்கிறாய். அவன் ராத்திரி எதைத் தின்பான்?" ஏறினேன், அவர் முதுகு அசைவதைப் பார்த்துக்கொண்டே போனேன். எங்களைப் போன்றவர்கள் சல்லிசாக வாழ முடிந்ததில் இந்த முதுகுகளுக்கும் பங்குண்டு. மெஸ்ஸில் பாத்திரம் தேய்த்த பையன்களுக்கும், சுந்தரவனத்துப் பக்கமிருந்து விடியற்காலை ரயிலில் வந்து வீடுகளில் பெருக்கிவிட்டுப் போன பெண்களுக்கும் உண்டு. அவர்களில் எத்தனை பேர் காபி ஹவுஸ் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள்? அந்த நகரத்தை எவ்வளவு நேசித்தாலும் இந்தக் கணக்கை நேர் செய்ய முடியவில்லை.

மாஷிமா வீட்டில்தான் மகாளய விடியலைக் கேட்டேன். துர்கா பூஜைக்கு ஒரு வாரம் முன், அதிகாலை நாலு மணிக்கு வானொலியில் பிரேந்திர கிருஷ்ண பத்ரா சண்டி ஓதுவார். முப்பதுகளிலிருந்து வரும் வழக்கம். இருட்டோடு எழுந்து உட்கார்ந்தால் தெருவின் எல்லா வீட்டிலிருந்தும் ஒரே குரல். 1976-இல் வானொலிக்காரர்கள் அதை மாற்றி, நடிகர் உத்தம் குமாரை வைத்துப் புது நிகழ்ச்சி போட்டார்களாம். உத்தம் குமார் என்றால் உயிரை விடும் ஊர்தான், ஆனாலும் ஒப்பவில்லை. எதிர்ப்பு கிளம்பிப் பழைய குரலையே திரும்பக் கொண்டுவந்தார்கள். "நான்கூட உத்தமைத் திட்டினேன்" என்று மாஷிமா வருத்தத்தோடு சொன்னார். பூஜை நாட்களில் பந்தல் பந்தலாக நடப்போம், யாருக்கும் டிக்கெட் இல்லை. குமார்துலியில் மூங்கிலும் வைக்கோலும் கங்கை மண்ணுமாகப் பிசைந்து மாதக்கணக்கில் செய்த சிலைகளை நாலு நாள் கொண்டாடி ஆற்றில் விடுவார்கள். 2021-இல் யுனெஸ்கோ இந்தத் துர்கா பூஜையைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. எனக்கு நினைவில் நிற்பது, விடிய விடிய நடந்து களைத்து ஏதோ ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபோது உள்ளேயிருந்து தண்ணீரும் இனிப்பும் கொண்டுவந்து வைத்த அம்மாள். எங்களை யாரென்று அவர் விசாரிக்கவே இல்லை.

1992 ஏப்ரலில் சத்யஜித் ரே மறைந்தார். உடலை நந்தன் திரைப்பட மையத்தில் வைத்திருந்தார்கள். வெயிலில் வரிசை எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. எனக்கு முன்னால் ஒரு காய்கறிக்காரர், பின்னால் இரண்டு நர்ஸ்கள். சினிமாக்காரருக்குக் கூட்டம் சேர்வது நமக்குப் புதிதல்ல. அந்த வரிசையில் நின்றவர்கள் அவருடைய படங்களில் எது சிறந்தது என்று தாழ்ந்த குரலில் வாதாடிக்கொண்டே நகர்ந்தது எனக்குப் புதிது. காய்கறிக்காரருக்கு 'கூபி காயின் பாகா பாயின்'தான். நர்ஸ் ஒப்புக்கொள்ளவில்லை, அவருக்கு 'சாருலதா'. அந்த வருஷக் கடைசியில் எனக்கு மாற்றல் வந்தது.

சமீபத்தில் மறுபடி போயிருந்தேன். கொல்கத்தா என்று பெயர் மாறி எத்தனையோ வருஷமாகிவிட்டது. மெட்ரோ ஆற்றுக்கு அடியிலேயே ஹௌரா போகிறது. நான் இருந்தபோது எஸ்பிளனேடிலிருந்து பவானிபூர் வரை மூன்றரைக் கிலோமீட்டர்கூட இல்லாமல் தொடங்கியது, 1984-இல், நாட்டிலேயே முதல் மெட்ரோ. லேக் மார்க்கெட்டில் காபிப்பொடி வாசனை இருக்கிறது, மெஸ் இல்லை. 2024 செப்டம்பரில் மாநில அரசு, எஸ்பிளனேட்–மைதான் என்ற ஒரு தடத்தை மட்டும் நினைவுச் சின்னமாக வைத்துக்கொண்டு மற்ற ட்ராம்களை நிறுத்துவதாக அறிவித்திருந்தது. சாலை குறுகல், வண்டி பெருத்துவிட்டது, ட்ராம் வழி மறிக்கிறது என்பது அவர்கள் வாதம். நினைவுச் சின்னமாக ஒரு ட்ராம் எனக்கு வேண்டாம். மீன்கூடையோடு ஒரு பெண் ஏறாத ட்ராமை யாருக்காக ஓட்டுவது?

காபி ஹவுஸில் மாடியில்கூட இடமில்லை. மாணவர்கள் நாலைந்து பேர் நகர்ந்து என்னைத் தங்கள் மேஜையில் உட்காரவைத்தார்கள். பேச்சு ட்ராமைப் பற்றித்தான். ஒரு பையன், அது நாற்பது வருஷத்துக்கு முன்பே செத்துவிட்டது, மெட்ரோதான் ஏழைக்கும் நல்லது என்றான். எதிரே இருந்த பெண், புகையில்லாத வண்டியைத் தேடி உலகமே அலையும்போது கையில் இருப்பதைத் தூக்கி எறிகிறோம் என்றாள். நான் என் துருப்பிடித்த வங்காளியில் பின்பெட்டியைப் பற்றி ஆரம்பித்தேன். கட்டணம், 1953, வெற்றிலைக் கடைக்காரர், எல்லாம். பையன் விடவில்லை. "காகு, நீங்கள் சொல்வது உங்கள் இளமையைப் பற்றி. ட்ராமைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றான். நியாயமான கேள்விதான். மெட்ரோவில் ஏறி இறங்கக் கிழவருக்கு எத்தனை படி, மழை நாளில் கூடைக்காரியை உள்ளே விடுவார்களா என்று நானும் கேட்டேன். அந்தப் பெண் நோட்டை எடுத்து எழுதிக்கொள்ள ஆரம்பித்தாள். பரிசாரகர் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தபோதும் முடியவில்லை. கீழே புத்தகக் கடைகள் பலகை சாத்திக்கொண்டிருந்த நடைபாதையில் நின்று, பையன் மூன்று காரணம் அடுக்க, நான் இரண்டை மறுத்து, மூன்றாவதற்குப் பதில் தேடிக்கொண்டிருந்தேன்.